வலிக்கல என்று சொன்னவர்களின் புத்தகங்கள்

16 வயதில் நான் விளையாடிய ஒரு மாச்சின் இரண்டாம் பாதி எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

முதல் பாதி நல்லா ஞாபகம் இருக்கு. மழை தூறிக்கொண்டிருந்தது. மைதானத்தின் ஒரு மூலை சேறாகிக் கிடந்தது. ஒரு டக்கிளுக்குக் குனிந்தேன். ஓடி வந்தவனுடைய முழங்கால் என் காதுக்கு மேலே பட்டது. அதற்கு அடுத்து ஞாபகத்தில் இருப்பது பஸ். என் கையில் பாதி கடித்த ரோல்ஸ். அணியில் என்னைத் தவிர தமிழ் பேசுகிறவன் ஒருத்தன்தான் இருந்தான், அவன் பக்கத்தில் இருந்தான். "மச்சான், மாச் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"சும்மா விளையாடாத. கடைசி ட்ரைய வச்சதே நீதானேடா."

இடைவேளையில் பயிற்றுவிப்பாளர் என் முகத்தைப் பிடித்து "ஹரித?" என்று கேட்டாராம். நான் "ஹரி சேர்" என்றேனாம். சரியா, சரி சேர். அவ்வளவுதான். அந்த "ஹரி"யைச் சொன்ன ஞாபகமும் எனக்கு இல்லை.

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வாரம் தலைவலி இருந்தது. ஹொஸ்டலில் லைட்டைப் பார்த்தால் கண் கூசும். பனடோல் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் 2ஆம் இலக்க ஜேர்சியை வேறு ஒருவன் போடுவான். டிக்கோயாவிலிருந்து புலமைப்பரிசிலில் கண்டிக்கு வந்து, அரைகுறைச் சிங்களத்தோடு மூன்று வருஷம் கஷ்டப்பட்டு எடுத்த ஜேர்சி அது.

எங்கள் வீட்டில் றக்பிக்கு ஒரு பழைய கதையும் இருக்கு. இந்த விளையாட்டை இலங்கைக்குக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். தோட்டத்துத் துரைமார் மலைநாட்டில் கிளப்புகளைத் தொடங்கி ஆடினார்கள். என் தாத்தா பிற்காலத்தில் அப்படி ஒரு கிளப் மைதானத்தில் புல் வெட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டவர். நான் அணியில் சேர்ந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் கோடு போட்டேன். நீ கோட்டுக்கு உள்ள ஆடப் போறியா?" என்றார். அதைக் கேட்ட பிறகு தலை சுத்துது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பாடசாலை முடிந்ததோடு என் றக்பியும் முடிந்தது. விளையாட முடியாத இடத்தை வாசிப்பால் நிரப்பத் தொடங்கினேன். வீரர்களின் சுயசரிதைகள், றக்பி பற்றிய மற்றப் புத்தகங்கள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். நிறையப் புத்தகங்கள் ஒரே மாதிரித்தான் இருக்கும். சின்ன வயதில் பந்து, பிறகு காயம், பிறகு கிண்ணம், கடைசியில் அம்மா அப்பாவுக்கு நன்றி. ஆனால் சில புத்தகங்கள் என்னை நிறுத்தி வைத்தன. உடை மாற்றும் அறையில் சொல்ல ஏலாத ஒன்றைச் சொன்ன புத்தகங்கள் அவை. அவற்றைத்தான் உங்களுக்குச் சிபாரிசு செய்யப் போகிறேன்.

றக்பி பார்த்ததே இல்லையா? பரவாயில்லை. ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னுக்கு எறிய ஏலாது, பின்னுக்கும் பக்கவாட்டிலும்தான் கொடுக்கலாம். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப் பிடித்து விழுத்தலாம். பக்கத்துக்கு எட்டுப் பேர் கோர்த்துக்கொண்டு தள்ளுவது ஸ்க்ரம். அதில் முன்வரிசையின் நடுவில் கழுத்தைக் கொடுத்து நிற்பவன் ஹூக்கர். அதுதான் என் இடம். பந்து பக்கக்கோட்டைத் தாண்டிப் போனால் திருப்பி உள்ளே எறிவதும் ஹூக்கரின் வேலைதான். இதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் சியா கொலிசியின் 'ரைஸ்'

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். 2021 இல் வந்தது. கொலிசி 1991 ஜூன் 16 இல் பிறந்தவர். மனிதர்களை நிறத்தால் பிரித்துப் பதிவு செய்யும் சட்டத்தைத் தென்னாபிரிக்கா நீக்கியது அதற்கு அடுத்த நாள். ஸ்விடே என்ற வறிய கறுப்பினக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தார். வீட்டில் சாப்பாடு இல்லாத நாட்களில் சீனி கரைத்த தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பினார். இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் லயத்துத் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. மாசக் கடைசியில் ரொட்டி இல்லாத காலைகளில் அதுதான் சாப்பாடு.

12 வயதில் புலமைப்பரிசில் கிடைத்து வசதியான பாடசாலை ஒன்றுக்குப் போகிறார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் பேசுவது கோசா மொழி. மற்றவர்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரிக்கிற ஒரு பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் 2018 இல் தென்னாபிரிக்க டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினத் தலைவரானார். 2019 இல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கினார்.

கிண்ணத்தோடு புத்தகம் முடிந்திருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். தன் குடியையும் திருமண வாழ்வில் தான் செய்த பிழைகளையும் அவரே எழுதுகிறார். தான் வளர்ந்த இடத்தில் பெண்கள் மீது நடந்த வன்முறையைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்ததையும் எழுதுகிறார். ஒரு நாட்டின் நாயகன் இப்படித் தன்னைத் திறந்து காட்டுவதை நான் அதற்கு முன் வாசித்ததில்லை.

1995 ஐ இரண்டு புத்தகங்களில் வாசியுங்கள்

'இன்விக்டஸ்' படம் பார்த்திருப்பீர்கள். அது ஜோன் கார்லின் 2008 இல் எழுதிய 'ப்ளேயிங் த எனிமி' என்ற புத்தகத்திலிருந்து எடுத்தது. 1995 ஜூன் 24 அன்று ஜொஹனஸ்பேர்க்கில் தென்னாபிரிக்கா நியூசிலாந்தை 15-12 என்று வென்றது. மண்டேலா, அணித் தலைவரின் 6ஆம் இலக்க ஜேர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கறுப்பின மக்கள் அந்த ஜேர்சியை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வெறுப்பை மண்டேலா எப்படிப் படிப்படியாகக் கையாண்டார், சிறையில் இருந்தபோதே எதிராளியின் மொழியை ஏன் படித்தார் என்பதையெல்லாம் கார்லின் ஒரு துப்பறியும் கதை மாதிரிச் சொல்லுவார். கீழே வைக்க ஏலாது.

அதை முடித்ததும் செஸ்டர் வில்லியம்ஸ் பற்றி மார்க் கீயோஹேன் எழுதி 2002 இல் வந்த 'செஸ்டர்' என்ற வாழ்க்கை வரலாற்றைத் தேடுங்கள். அந்த 1995 அணியில் வெள்ளையர் அல்லாத ஒரே வீரர் அவர். காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக நான்கு ட்ரை வைத்தவர். புதிய தென்னாபிரிக்காவின் முகமாக அவருடைய படம் விளம்பரப் பலகைகளில் இருந்தது. அதே மனிதர், அணிக்குள்ளேயே தான் நிறவெறிச் சொற்களைக் கேட்டதாக அந்தப் புத்தகத்தில் சொல்கிறார்.

முதல் புத்தகம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாள் உண்மை, அந்தச் சந்தோஷமும் உண்மை. ஆனால் அந்தப் படத்தின் நடுவில் நின்று சிரித்தவருக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு ஏழு வருஷம் எடுத்தது. "எங்கட அணியில இன மதம் ஒன்னும் இல்ல" என்று யாராவது பேசும் போதெல்லாம் எனக்கு செஸ்டர் ஞாபகம் வரும்.

ஜொனி வில்கின்சன்: பயந்த பிள்ளை

2003 நவம்பர் 22, சிட்னி. உலகக் கிண்ண இறுதிப் போட்டி. மேலதிக நேரத்தின் கடைசி நிமிடம், 17-17. இடது காலால் உதைக்கிற வில்கின்சன் வலது காலால் ஒரு ட்ரொப் கோல் அடிக்கிறார். இங்கிலாந்து 20-17. யூடியூபில் இருக்கு, பாருங்கள். பந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள், அதற்குப் பிறகு வருவேன்.

அவருடைய சுயசரிதை 2011 இல் வந்தது. தன்னம்பிக்கை பொங்கி வழியும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். உள்ளே இருந்தது சின்ன வயதிலேயே மாச்சுக்குப் போகும் வழியில் பயத்தில் அழுத ஒரு பிள்ளை. ஒரு உதை தவறினால் இரவு முழுக்கத் தூங்காதவர். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் உதைத்துக்கொண்டே இருப்பவர். உலகக் கிண்ணம் வென்ற பிறகு காயத்துக்கு மேல் காயம். திரும்ப இங்கிலாந்துக்கு ஆட 1,169 நாட்கள் எடுத்தது. வென்றால் பயம் போய்விடும் என்று நம்பியவருக்கு, வென்ற பிறகும் அது போகவில்லை. ஏ/எல் பரீட்சைக்குப் படிக்கிற யாருக்கும் இந்தப் புத்தகம் விளங்கும்.

கரத் தோமஸின் 'ப்ரௌட்'

வேல்ஸுக்கு 100 டெஸ்ட் ஆடிய முதல் மனிதர். 2005 இல் பிரிட்டிஷ் அன்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கும் தலைமை தாங்கினார். பல் உடைந்த, பார்க்கவே பயமாக இருக்கும் முன்னணி வீரர். அவர் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்பதைப் பல வருஷமாக எல்லாரிடமும் மறைத்தார். பெண் ஒருவரைத் திருமணமும் செய்தார். உயிரை விடும் எண்ணம் வரை போனார். 2006 இல் ஒரு மாச்சுக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் உடைந்து போய், ஒரு பயிற்றுவிப்பாளரிடம் முதன்முதலாகச் சொன்னார். 2009 இல் உலகத்துக்கே சொன்னார்.

அணி நண்பர்கள் அவரைத் தள்ளி வைக்கவில்லை. வருஷக் கணக்காக அவர் பயந்த அந்தத் தருணம் சில நிமிடங்களில் முடிந்துபோனது. இதை வாசித்து நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் அணியிலும் இப்படி ஒருவன் இருந்திருக்கலாம். நாங்கள் அங்கே அடித்த பகிடிகளைக் கேட்டுவிட்டு அவன் வாயைத் திறந்திருப்பானா?

ரிச்சி மெக்கோ: நான் பின்பற்றிய பிழையான பாடம்

நியூசிலாந்தின் பெரும் தலைவர். புத்தகத்தின் பெயர் 'த ஓபன் சைட்'. 2007 இல் காலிறுதியிலேயே பிரான்சிடம் தோற்ற அவமானத்தில் இருந்து, 2011 இறுதிப் போட்டியில் அதே பிரான்சை 8-7 என்று வென்றது வரைக்கும் அணியை எப்படி இழுத்து வந்தார் என்பது இதில் இருக்கு. தோல்வியிலிருந்து எழும்புவது பற்றி இதைவிட நல்ல புத்தகம் தேடுவது கஷ்டம். அணித் தலைவர்களாக இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இதோடு சேர்த்து ஜேம்ஸ் கெர் 2013 இல் எழுதிய 'லெகசி'யையும் பார்க்கலாம். உலகத்திலேயே பெரிய வீரர்கள் மாச் முடிந்த பிறகு தாங்களே உடை மாற்றும் அறையைக் கூட்டித் துப்புரவாக்குவார்கள் என்பது அதில்தான் வரும்.

ஆனால் மெக்கோ 2011 உலகக் கிண்ணத்தை உடைந்த பாதத்தோடு ஆடினார். ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று எடுக்காமலே ஆடினார். அதை முதலில் வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. நானும் இதைத்தானே செய்தேன் என்று ஒரு பெருமை. பாதமும் மூளையும் ஒன்றா என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

கடைசியாக, ஸ்டீவ் தொம்ப்சனின் 'அன்ஃபொர்கெட்டபிள்'

2003 இறுதிப் போட்டிக்குத் திரும்பி வருவோம். அந்த ட்ரொப் கோலுக்கு முன்னால் பக்கக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தை நீளமாக உள்ளே எறிகிறார். அது பிழைத்திருந்தால் வில்கின்சனுக்குப் பந்தே வந்திருக்காது. எறிந்தவர் இங்கிலாந்தின் ஹூக்கர் ஸ்டீவ் தொம்ப்சன்.

அவருக்கு அந்த மாச் ஞாபகமில்லை. உலகக் கிண்ணம் வென்றது ஞாபகமில்லை. 2020 இல், 42 வயதில், டிமென்ஷியா என்கிற மறதி நோய் அவருக்கு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சில நேரம் மனைவியின் பெயரே நினைவுக்கு வராது என்கிறார். பெரிய அடிகள் மட்டும் காரணமில்லை. ஸ்க்ரம் பயிற்சியில், டக்கிளில், வருஷக் கணக்காகத் தலையில் விழுந்த சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துதான். அவரைப் போன்ற பழைய வீரர்கள் பலர் சேர்ந்து விளையாட்டை நடத்தும் அமைப்புகளுக்கு எதிராக வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2022 இல் வந்த இந்தப் புத்தகத்தில் கோபமும் இருக்கு, பகிடியும் இருக்கு. பிள்ளைகள் தன்னை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்கள் என்ற பயமும் இருக்கு.

இதை நான் மருதானையில் ஒரு போர்டிங் அறையில், ஃபோனில், விடிய மூன்று மணி வரை வாசித்தேன். தான் எறிந்த பந்தை வீடியோவில் யாரோ ஒருவர் எறிவது போல அவர் பார்க்கிறார். நான் வைத்த ட்ரையும் எனக்கு அப்படித்தான். அவன் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த கிழமை டொக்டரிடம் போனேன். பழைய கதையைச் சொன்னேன். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பிறகு அவர் சொன்னது, அன்றைக்கு இரண்டாம் பாதியில் இன்னொரு அடி விழுந்திருந்தால் கதை வேறு என்று. 2011 இல் வட அயர்லாந்தில் 14 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவன் ஒரே மாச்சில் திரும்பத் திரும்ப அடிபட்டு இறந்துபோனான். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது என்பதுதான் பாடசாலை, கழக மட்டத்தில் இன்றைய விதி. தலைசுற்று, வாந்தி, குழப்பம், வெளிச்சம் கூசுவது, நடந்தது மறந்துபோவது, இதில் ஒன்று இருந்தாலும் போதும். மயங்கி விழத்தான் வேண்டும் என்றில்லை.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். 15 வயது. அவனும் கண்டியில்தான் படிக்கிறான், அவனும் றக்பிதான். போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, இஸ்தோப்பில் உட்கார்ந்து தொம்ப்சனின் கதையைத் தமிழில் அவனுக்குச் சொன்னேன்.

"அண்ணே, அவருக்கு அந்தக் கப் வென்னதே ஞாபகமில்லையா?"

"இல்லடா."

"மெடல் இருக்குமே?"

"மெடல் இருக்கு."

அதற்குப் பிறகுதான் என் மாச்சைப் பற்றிச் சொன்னேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. அம்மா உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர், சத்தம் நின்றது. வெளியே வந்து என் தலையில், காதுக்கு மேலே கை வைத்துப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முந்திய அடியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. "எங்ககிட்டகூட சொல்லலையேடா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாசம் கழித்து தம்பி கோல் எடுத்தான். பயிற்சியில் இன்னொருவனோடு தலை மோதிவிட்டதாம். "ஹரித?" என்று கேட்டார்களாம். "ஹரி நே சேர்" என்று சொன்னானாம். சரியில்லை சேர். வெளியே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாச் ஆடவில்லை. அவன் இடத்தில் ஆடியவன் நல்லா ஆடினானாம். இடம் திரும்பக் கிடைக்குமா தெரியாது. கோபம் எல்லாம் என் மேல்தான். கொஞ்ச நாள் என்னோடு சரியாகக் கதைக்கவே இல்லை. நான் அவனுக்குச் சொன்னது சரிதான் என்று தெரிந்தாலும், அவன் கோபமும் எனக்கு விளங்கியது. அந்த ஜேர்சி எவ்வளவு பாரம் என்று தெரிந்தவன் நான்.

தமிழில் ஒரு றக்பி வீரரின் சுயசரிதை இதுவரை என் கையில் கிடைத்ததில்லை. மேலே சொன்ன எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் பயப்படாதீர்கள். வீரர்கள் எழுதுகிற ஆங்கிலம் லேசு. ஓ/எல் ஆங்கிலம் போதும். டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் மின்னூலாக வாசிக்கலாம். கொலிசியில் தொடங்குங்கள். தொம்ப்சனைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது றக்பி ஆடினால், வாசித்து முடித்துவிட்டு அவர்களுக்குச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். சுகமா, சாப்பிட்டியா ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரிதான்.

"அந்த சீனித் தண்ணி குடிச்சவரோட புத்தகத்த அனுப்பு."